கெண்டைக்கால் சாட்சி

அந்த நாற்காலி வேண்டாம் சார், அதுக்கு ஒரு கால் ஆடும். இங்க வாங்க, என் பக்கத்துல உட்காருங்க. என் காலை மட்டும் மிதிச்சிடாதீங்க. இந்த நீலக் கலர் டேப் ஒட்டியிருக்கு பாருங்க, இந்தக் கால். மிதிச்சா நான் கத்துவேன். நான் கத்தினா உள்ள இருக்கிறவனுக்குச் சந்தோஷம்.

உங்க டோக்கன் என்ன? பதினொண்ணா? இப்பதான் ஏழு உள்ள போயிருக்கு. ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம்னு போர்டுல போட்டிருப்பான், நம்பாதீங்க. இருபது ஆகும். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு உங்களுக்கு இங்க வேலையே இல்லை.

நான் ஆறு. முடிஞ்சுது. என் வீட்டுக்காரி ஸ்டெல்லா செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு மாதா கோயிலுக்குப் போயிருக்கா. அவ காரை எடுத்துட்டு வந்தாத்தான் நான் எழுந்திருக்கலாம். கால் தரையில ஊனக்கூடாதாம். உத்தரவு. யார் உத்தரவு? என்கிட்ட பிளஸ் டூ படிச்ச பையன் உத்தரவு.

உங்களுக்கு எங்க வலி? தோள்பட்டையா. ஞாயித்துக்கிழமை கிரிக்கெட்டா. பந்து போடுறவரா. சரி சரி. கால் நல்லாத்தானே இருக்கு? சும்மா கேட்டேன்.

பேச்சைப் பார்த்தா இந்தப் பக்கத்து ஆள் மாதிரி இல்லையே. கோயம்புத்தூரா! பொண்ணு எடுத்தது திருச்சியிலயா? அப்ப எங்க ஊர் மாப்பிள்ளைன்னு சொல்லுங்க. மாமனார் யாரு, எந்தப் பக்கம்... இருங்க, அதை அப்புறம் சொல்லுங்க. நான் முதல்ல இவன் கதையைச் சொல்லிடுறேன். இவன் கையில உடம்பைக் குடுக்கப் போறீங்க, தெரிஞ்சு குடுக்கணும் இல்லையா.

என் பேரு ஞானப்பிரகாசம். மேல்நிலைப் பள்ளியில கெமிஸ்ட்ரி வாத்தியார். முப்பத்தோரு வருஷம். அதுல பதினாலு வருஷம் பொதுத்தேர்வுப் பறக்கும் படை. நான் ஜீப்புல இருந்து இறங்கினா அந்த சென்டர்ல பாத்ரூம் வாசல்ல கூட்டம் கூடிடும். எத்தனை பிட்டு பிடிச்சிருக்கேன் தெரியுமா? பெல்ட்டுக்குள்ள, பேனா மூடிக்குள்ள, ஒருத்தன் கைக்கு மாவுக்கட்டுப் போட்டு அதுக்குள்ள. மாவுக்கட்டை நான் தட்டிப் பார்த்தேன், அவன் சிரிச்சான். கை ஒடிஞ்சவன் சிரிப்பானா சார்?

இந்த சிராஜுதீன், அதான் உள்ள இருக்கிற சிராஜு, அரையாண்டுப் பரீட்சையில மாட்டினான். கேள்வித்தாளைப் பார்ப்பான், குனிஞ்சு காலைச் சொறிவான். திரும்ப எழுதுவான், திரும்பச் சொறிவான். கொசு கடிக்குதுன்னான். “பேண்ட்டைத் தூக்குடா”ன்னேன். தூக்கினான். கெண்டைக்கால் முழுக்க நீல மையில பென்சீன் வளையம். ஒண்ணு ரெண்டு இல்லை, பதினெட்டு. “சார், இது நேத்து வீட்டுல படிக்கிறப்ப எழுதினது சார், அழியல”ன்னான். “நீ பொய் சொல்லலாம்டா, உன் கெண்டைக்கால் பொய் சொல்லாது”ன்னேன். ஹால் மொத்தமும் சிரிச்சுது. அவங்க அத்தாவை வரச்சொல்லி, அவர் முன்னாலயும் ஒரு தடவை தூக்கிக் காட்டச் சொன்னேன். அதோட அதை நான் மறந்துட்டேன். பிள்ளைங்க நல்லதுக்குச் செய்யறதை நாம ஞாபகம் வச்சிக்கிறது இல்லை.

அவன் வச்சிருக்கான்.

இப்ப பாருங்க, தில்லைநகர்ல போர்டு. ‘விளையாட்டுக் காயங்களுக்கு மென்திசு சிகிச்சை.’ மென்திசுன்னா வேற ஒண்ணுமில்லை, எலும்பை விட்டுட்டு மத்ததெல்லாம். தசை, நார், மேல சுத்தியிருக்கிற சவ்வு. பிசியோதெரபி முடிச்சிட்டு, சென்னையில நெடுந்தூர ஓட்டக்காரங்க கூடவே நாலு வருஷம் இருந்து கத்துக்கிட்டு வந்தானாம். கட்டைவிரல்தான் அவனுக்கு முதலீடு. கெமிஸ்ட்ரியில நாப்பத்தொண்ணு.

நான் இவன்கிட்ட வந்ததுக்குக் காரணம் ஸ்ட்ரீக். எங்க ஓட்டக் குழுவுல அதுக்குப் பேரு அதான். ஒரு நாள்கூட விடாம தினமும் ஓடணும். குறைஞ்சது ரெண்டு கிலோமீட்டர், ஒரே மூச்சுல. மழையா இருக்கட்டும், கல்யாணமா இருக்கட்டும், எங்க மாமியார் அடக்கமா இருக்கட்டும். கையில இருக்கிற வாட்ச் கணக்கு எடுத்து, தானாவே குழுவுக்கு அனுப்பிடும். எங்க குழுவுல எழுபத்திரண்டு பேர். ஆயிரம் நாள் தொட்டவங்க ஒருத்தரும் இல்லை. எனக்கு நேத்தோட தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது.

ஆமா சார். இன்னைக்கு ஆயிரம். ஞாயித்துக்கிழமை மைதானத்துல கேடயம் குடுக்கிறாங்க. பேரு வெட்டியாச்சு. போட்டோ அனுப்பினாங்க, பாருங்க. ‘ஞானப்பிரகாசம்’ சரியா வெட்டியிருக்கான், ‘ஆயிரம்’தான் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு.

எதுக்கு இந்த வயசுலன்னு கேக்கறீங்க. கேக்கலையா? எல்லாரும் கேப்பாங்க. என் பொண்ணு பெனிட்டா கனடாவுல இருக்கா. அவளை ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்த மறுநாள் காலைல தூக்கம் வரலை, எழுந்து ஓடினேன். வாட்ச் அவ வாங்கிக் குடுத்ததுதான். அவ போன்லயும் என் ஓட்டம் தெரியும். பார்த்துட்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுற படம் ஒண்ணு போடுவா. தினமும். ஒரு நாள் தவறினது இல்லை. பேசறதுக்கு அவளுக்கு நேரம் இருக்காது, அங்க வேலை அப்படி. கடைசியா பேசினது பொங்கலுக்கு. ஆனா கட்டைவிரல் வந்துடும். நான் ஓடலைன்னா அவ எதுக்குப் போடுவா? போட ஒண்ணும் இருக்காதே. அதை விடுங்க.

தொள்ளாயிரத்து அறுபத்தோராவது நாள் இடது கெண்டைக்கால்ல சுருக்குன்னுது. இவன்கிட்ட வந்தேன். குப்புறப் படுக்க வச்சான். அந்த மேசையில மூஞ்சிக்கு ஒரு ஓட்டை இருக்கும், அதுக்குள்ள மூஞ்சியை விட்டா அவன் செருப்பு மட்டும்தான் தெரியும். பேசவும் முடியாது, எழவும் முடியாது. முப்பத்தோரு வருஷம் நின்னு பேசினவனுக்கு அது எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. எண்ணெயைத் தடவி மெதுவாத் தேடிக்கிட்டே வந்தான். ஒரு இடத்துல நின்னான். வேர்க்கடலை மாதிரி ஒரு முடிச்சு. கட்டைவிரலை வச்சு அழுத்தினான் பாருங்க, செத்து இருபத்தஞ்சு வருஷமான எங்க அப்பாவை நான் கூப்பிட்டேன்.

“மூச்சை விடுங்க சார். வலி பத்துக்கு எத்தனை?”

“ஆறு.”

“மார்க்கைக் குறைச்சுப் போடுற பழக்கம் இன்னும் போகல”ன்னான்.

அப்புறம் உட்கார வச்சு சொன்னான். “சார், தசையில சின்னக் கிழிசல். அதைச் சுத்தி மத்த தசையெல்லாம் பயந்துபோய் இறுகியிருக்கு. இறுக்கத்தை நான் கையால எடுத்துடுவேன். கிழிசல் தானா ஒட்டணும், நூல் நூலா. நீங்க தினமும் போய் அதைப் பிரிச்சா ஒட்டாது. மூணு வாரம் ஓடக்கூடாது.”

“ஆயிரத்துக்கு இன்னும் முப்பத்தொன்பது நாள்தான்ப்பா.”

“தசைக்கு எண்ணத் தெரியாது சார்.”

“சரிப்பா”ன்னேன். மறுநாள் காலைல ரெண்டு புள்ளி பூஜ்யம் ஒண்ணு கிலோமீட்டர். சரின்னுதானே சொன்னேன், என்னைக்கு நிறுத்தறேன்னு நான் சொல்லவே இல்லையே.

அடுத்த தடவை போறேன், காலைத் தொட்டான். தொட்டதுதான். “நேத்து எவ்வளவு சார்?”

“எது?”

“கிலோமீட்டர்.”

“நடக்கக்கூட இல்லைப்பா.”

ஓட்டைக்குள்ள அவன் செருப்பு ஆடுறது தெரியுது. “நீங்க என்ன வேணாலும் சொல்லலாம் சார். கெண்டைக்கால் பொய் சொல்லாது”ன்னான். எத்தனை வருஷம் சார்! பன்னிரண்டு வருஷம் அந்த ஒரு வரியை வாயில வச்சிக்கிட்டே சுத்தியிருக்கான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறான்னு யோசிச்சேன். சூடு. ஓடின தசை சூடா இருக்கும். அடுத்த தடவை வர்றதுக்கு முன்னாடி ஃப்ரீசர்ல இருந்து பச்சைப் பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து அரை மணி நேரம் கட்டிக்கிட்டேன். காலைத் தொட்டான். “சார், ஒரு கால் திருச்சியில இருக்கு, ஒரு கால் ஊட்டியில இருக்கு”ன்னான். அன்னைக்கு கட்டைவிரல் இல்லை, முழங்கை.

சரி, ரோடுல ஓடினாத்தானே அடி பலமா விழுது, மொட்டை மாடியில ஓடுவோம்னு பார்த்தேன். ஒரு சுத்து இருபத்தாறு மீட்டர். எழுபத்தேழு சுத்து சுத்தணும். தண்ணி டேங்கைச் சுத்தி, துணி காயற கொடிக்குக் கீழ குனிஞ்சு. ஒம்பது நாள் ஓடினேன். கீழ் வீட்டுக்காரங்க மாடியில ஏதோ உரல் உருளுதுன்னு ஸ்டெல்லாகிட்ட சொன்னாங்களாம். ஒம்பதாவது நாள் இவன் மேசையில படுத்திருக்கேன், கெண்டைக்காலை விட்டுட்டு வலது இடுப்புல போய் கை வைக்கிறான். “இது எப்பலேர்ந்து சார்?”

“எது?”

“வலது இடுப்புப் பக்கம் மட்டும் கல்லு மாதிரி இருக்கு. சார், நீங்க வட்டமா ஓடறீங்க. சின்ன வட்டம். வலது பக்கமாவே திரும்பித் திரும்பி ஓடறீங்க.” அழுத்திக்கிட்டே கேக்கறான், “மொட்டை மாடியா சார்?”

நீங்களே சொல்லுங்க. கெண்டைக்கால் வலின்னு வந்தவனுக்கு இப்ப இடுப்பும் வலி. இது யார் தப்பு? ஒரு இடத்தைக் குணப்படுத்தறேன்னு ரெண்டு இடமாக்கிட்டான். ஸ்டெல்லாகிட்ட சொன்னேன், அவ பட்டாணியைக் கீழ் வீட்டு ஃப்ரீசருக்கு மாத்திட்டா.

வாட்ச்சை வேற யாருக்காவது கட்டி ஓடவிட்டா என்னன்னு உங்களுக்குத் தோணும். தோணாதா? தோணும். நான் அந்த மாதிரி ஆள் இல்லை. அந்த மாதிரி ஆளைப் பிடிச்சவன் நான்.

மகாலிங்கம்னு ஒருத்தர் எங்க குழுவுல. விவசாய ஆபீஸரா இருந்து ரிட்டயர் ஆனவர். எனக்கு முன்னாடியே ஸ்ட்ரீக் ஆரம்பிச்சவர், எப்பவும் என்னைவிட பன்னிரண்டு நாள் முந்தியே இருப்பார். பார்க்க சாதுவா இருப்பார், அந்த மாதிரி ஆளுங்களைத்தான் நான் முதல்ல பார்ப்பேன். போன வருஷம் ஒரு நாள் அவர் ஓட்டம் குழுவுல வருது. கிலோமீட்டருக்கு நாலு நிமிஷம் நாப்பது வினாடி. அறுபத்திரண்டு வயசு ஆள் சார்! எட்டு நிமிஷத்துக்குக் குறைஞ்சு அவர் ஓடினதே இல்லை. இதயத்துடிப்பு நூத்தி எழுபத்தெட்டு. பழைய ரெக்கார்டை எல்லாம் எடுத்து, ஒரு படம் போட்டு, சிவப்பு மையில வட்டம் போட்டு, காலைல ஆறு பன்னிரண்டுக்குக் குழுவுல போட்டேன். ‘இந்த இதயம் யாருடையது?’ அவ்வளவுதான் கேட்டேன். ஒரு வரி.

அவருக்கு டெங்குவாம். ஆஸ்பத்திரியில படுத்திருந்தாராம், ரத்தத்துல தட்டணு குறைஞ்சு போச்சாம். மருமகன் அவர் பாவம்னு வாட்ச்சை வாங்கிக் கட்டிக்கிட்டு ஓடியிருக்கான். ஏன் சார் இருமறீங்க? தண்ணி குடிங்க, அந்த மூலையில கேன் இருக்கு. ம்... டெங்குன்னா? டெங்கு வந்தவன் பரீட்சைக்கு வேற ஆளை அனுப்பலாமா? மகாலிங்கம் குழுவுல இருந்து விலகிட்டார். மைதானத்துக்கே வர்றது இல்லை. ஷூவை வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டாராம். உண்மை வெளிய வந்தா மனுஷன் அப்படித்தான் ஒடுங்கிப் போவான். அந்த மருமகன் யாருன்னு நான் பார்த்தது இல்லை, யாரோ வெளியூர்ப் பையன். அவன்மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா புத்தி வேணாமா? அடுத்தவர் வாட்ச்சைக் கட்டினா அடுத்தவர் மாதிரி ஓட வேணாமா?

அதுக்கப்புறம் நான்தான் ஒரு விதி கொண்டு வந்தேன். ஓட்டத்தோட இதயத்துடிப்புப் படமும் சேர்ந்தே குழுவுக்குப் போயிடணும். நடுவுல யாரும் கை வைக்க முடியாது.

சரி, சிராஜுக்கு வர்றேன். போன வாரம் இதே மாதிரி ஒரு டேப்பை ஒட்டினான். தசைக்குத் தாங்கல் குடுக்குமாம். “வேர்த்துக் கொட்டலைன்னா அஞ்சு நாள் நிக்கும் சார். ஓடினா ரெண்டே நாள்ல ஓரம் சுருண்டுடும்”னு சொல்லிட்டு என் மூஞ்சியையே பார்த்தான். ரெண்டாவது நாள் சுருண்டுது. ஸ்கூல் லேப்ல ஒரு பசை இருக்கு, உடைஞ்ச கண்ணாடிக் குழாயே ஒட்டும். நாலு ஓரத்துலயும் தடவி அமுக்கி விட்டேன். சூப்பரா ஒட்டுச்சு. நாலு நாள் கழிச்சு இவன் பிரிக்கறான், வரல. இழுக்கறான், வரல. “இது நான் ஒட்டின டேப்தானே சார்?”ன்னு கேட்டுட்டு ஒரு இழு. கெண்டைக்கால்ல முடி மொத்தமும் போச்சு. இப்ப பாருங்க, பென்சீன் வளையம் எழுதறதுக்குத் தோதா வழவழன்னு இருக்கு.

இன்னைக்குக் காலைல ஆயிரமாவது ஓட்டம். புது பனியன். காவேரிப் பாலம் பக்கம் கிளம்பினேன். முந்நூத்தி நாப்பதாவது மீட்டர்ல பின்னாடியிருந்து யாரோ கல்லால அடிச்ச மாதிரி டப்புன்னு ஒரு அடி, கெண்டைக்கால்ல. திரும்பிப் பார்த்தேன், ஒரு பால்காரர் வந்துக்கிட்டிருந்தார். “ஏன்யா கல்லை விட்டு எறிஞ்ச”ன்னு சட்டையைப் பிடிச்சிட்டேன். அவர் ரெண்டு கையிலயும் பால் கேன். அவரே என்னைத் தூக்கி வண்டியில உட்கார வச்சு வீட்டுல விட்டார்.

சிராஜு இன்னைக்கு அழுத்தவே இல்லை. லேசாத் தடவிப் பார்த்தான், டேப்பை ஒட்டினான். “கிழிஞ்சுது சார். இப்ப பெருசு. ஆறு வாரம். இன்னைக்கு மட்டும்னு ஓடினீங்கன்னா அடுத்த வருஷமும் நீங்க என்னைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பீங்க”ன்னான். அந்தக் கெண்டைக்கால் வரியை மட்டும் சொல்லல. சொல்லியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். “பெனிட்டாவுக்கு போன் பண்ணி கால்ல அடின்னு சொல்லுங்க சார், அவ பேசுவா”ன்னான். ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. என்னத்த பேசறது? கட்டைவிரல்னா ஒரு வினாடி வேலை, போன்னா அவ லீவு போடணும்.

மணி என்ன? அஞ்சு இருபது. வெளிச்சம் இருக்கு.

தம்பி, உங்க டோக்கனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. இந்தத் தெருவைத் தாண்டினா மைதானம். வலி உங்களுக்குத் தோள்பட்டையிலதானே? கால்ல ஒண்ணும் இல்லைன்னு முதல்லயே கேட்டுக்கிட்டேன். ரெண்டு கிலோமீட்டர். பதினாறு நிமிஷம். இல்லை தம்பி, இது அது இல்லை. மகாலிங்கம் படுத்துக்கிட்டே குடுத்தார். நான் முந்நூத்தி நாப்பது மீட்டர் ஓடிட்டுக் குடுக்கறேன். மிச்சம்தான் நீங்க, ஒரே மூச்சுல இருக்கணும்கிறதால முதல்லேர்ந்து. அவர் செஞ்சது ஆள்மாறாட்டம், இது ஒத்தாசை.

குடுங்க கையை. இடது கை. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல, இறுக்கமா. பச்சைப் பொத்தான் ஆரம்பிக்க, சிவப்பு முடிக்க. முடிச்சா தானாவே குழுவுக்குப் போயிடும், பெனிட்டாவுக்கும் போயிடும். கிலோமீட்டருக்கு ஏழு அம்பது. இதயத்துடிப்பு நூத்தி முப்பத்தஞ்சைத் தாண்டக்கூடாது. தாண்டினா நடங்க. ஒண்ணரையாவது கிலோமீட்டர்ல எட்டு வினாடி நில்லுங்க, நான் அங்க ஷூ லேஸ் கட்டுவேன், எல்லாருக்கும் தெரியும். முக்கியமா, வேகமா ஓடிடாதீங்க தம்பி. மகாலிங்கத்தோட மருமகன் அங்கதான் மாட்டினான்.

என்ன சிரிக்கிறீங்க? நல்ல பையன். உங்களைப் பார்த்ததுமே நினைச்சேன். ஆமா, உங்க மாமனார் யாருன்னு நீங்க சொல்லவே இல்லையே. யாரு?

கருமண்டபமா. கருமண்டபத்துல எங்க?

விவசாய ஆபீஸ்லயா வேலை பார்த்தார்.

சார். சார், ஒரு நிமிஷம் நில்லுங்க. வாட்ச்சைக் குடுத்துட்டுப் போங்க சார். உங்களுக்குத் தோள்பட்டை வலி, ஓடக்கூடாது சார். பச்சையை அழுத்தாதீங்க... அழுத்திட்டாரே! சிராஜு! டேய் சிராஜு, அந்த ஆளைப் பிடிடா! என்னால எழுந்திருக்க முடியலையேடா...

சார், என் பொண்ணு பார்க்கும் சார்! மெதுவா... மெதுவா ஓடுங்க சார்!